பிரதேச சபை வேலையை எந்த முறையில் கொடுப்பது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை செயலாளர்கள்தான் பிரதேச சபைகளை ஓட்டினார்கள். அதன் பிறகு வந்த உறுப்பினர்களில் பலருக்கு இது முதல் தடவை. நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை என்று எங்கே போனாலும் தேநீர்க் கடையிலும் கலியாண வீட்டிலும் என்னிடம் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

கொந்தராத்து முறை என்றால் டெண்டர் போடுவதுதானே? அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது, ஆளை எப்படிப் பிடிப்பது: பகிரங்க விலைமனு கோரலாம், சிலரிடம் மட்டும் கூறுவிலை (கொட்டேஷன்) கேட்கலாம், பதிவான சங்கத்துக்கு நேரடியாகக் கொடுக்கலாம், சபையின் சொந்த ஆட்களை வைத்தே செய்யலாம். இரண்டாவது, காசை எந்தக் கணக்கில் கொடுப்பது: செய்த வேலையை அளந்து கொடுக்கலாம், அல்லது மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுக்கலாம். மூன்றாவது, வரைபடம் யார் பொறுப்பு: சபையா, கொந்தராத்துக்காரரா?

சபைக் கூட்டங்களில் முதலாவதைப் பற்றித்தான் சண்டை நடக்கும். இரண்டாவதை யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் வேலை கெட்டுப்போன இடங்களில் பெரும்பாலும் கோளாறு இருந்தது அந்த இரண்டாவதில்தான்.

அளந்து கொடுப்பதா, மொத்தத் தொகைக்குக் கொடுப்பதா? எது சபைக்கு லாபம்?

லாபம் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: வேலை தொடங்கும் முன்னாலேயே அளவு முழுவதும் நமக்குத் தெரியுமா? தெரியும் என்றால் மொத்தத் தொகை நல்லது. சனசமூக நிலையத்துக்குக் கூரைத் தகடு மாற்றுவது, ஓடு பதிப்பது, கதவு ஜன்னல் போடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஒரு விலை பேசி, முடிந்ததும் கொடுத்துவிடலாம். கணக்கும் சுலபம், பில்லும் சுலபம்.

மண்ணுக்குள் போகிற வேலை அப்படியில்லை. நம் மலையில் இரண்டு அடி தோண்டினால் கல் வரும், பக்கத்திலேயே ஆறு அடி தோண்டினாலும் சேறுதான் வரும். இந்த வேலையை மொத்தத் தொகைக்குக் கொடுத்தால், தோண்டுவது கூடக்கூடக் கொந்தராத்துக்காரருக்கு நட்டம். அப்புறம் அவர் எங்கே நிறுத்துவார் என்று நினைக்கிறீர்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடுப்புச் சுவரை இப்படித்தான் கொடுத்தோம். அத்திவாரம் கெட்டி மண்ணைத் தொடும்வரை போயிருக்க வேண்டும். மூன்று அடியிலேயே கல் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அங்கே போனபோது சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. அடுத்த ஆனி மழையில் அது ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அத்திவாரம், தடுப்புச் சுவர், கான் (வடிகால்), போக்கு (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் வழி) எல்லாம் அளந்து கொடுக்க வேண்டிய வேலைகள். தரைக்கு மேலே உள்ளதை மொத்தத் தொகையாக்கலாம்.

எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ரோட்டுக்கு எது சரி? 100 மீற்றர்தான், கொங்கிறீட் போட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 125 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 37.5 கன மீற்றர் கொங்கிறீட். தடிப்பு 100 மில்லிமீற்றராகக் குறைந்தால் 30 கன மீற்றர்தான். பார்க்கிறவருக்கு ரோட்டில் வித்தியாசம் தெரியாது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மொத்தத் தொகைக்குப் பேசியிருந்தால் அந்த மிச்சம் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். அளந்து கொடுக்கிற முறையிலும் அளக்க ஆள் போகாவிட்டால் இதே கதைதான். கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன்னால் பக்கப் பலகையின் உயரத்தையும், கீழே மண் சமமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஊற்றிய பிறகு ஓரத்தை அளந்து பிரயோசனமில்லை. ஓரத்தில் மட்டும் தடிப்பாக ஊற்றி நடுவில் மண்ணை உயர்த்தி விடுகிற வித்தை பழசு.

இன்னொன்று, மதிப்பீட்டில் தலைச்சுமையைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். டிப்பர் பிரதான ரோட்டில் நின்றுவிட்டால், அங்கிருந்து லயத்துக்கு மணலும் கல்லும் தலையிலோ டிராக்டரிலோதான் ஏறும். விலை அட்டவணையில் உள்ள சாதாரண விலை அந்தச் செலவைத் தாங்காது. அதைச் சேர்க்காத மதிப்பீட்டுக்கு நல்ல கொந்தராத்துக்காரர் விலை போட மாட்டார். போடுகிறவர் சீமெந்தில் கை வைப்பார்.

தோட்டத்துக்குள் சபை செலவழிக்கவே கூடாது என்கிறார்களே?

பழைய கதை அது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தியாயிற்று. ஆனால் நிலம் இன்னும் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, குத்தகை தோட்டக் கம்பனியிடம். அதனால் விலைமனு கோருவதற்கு முன்னாலேயே தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொரை (தோட்ட முகாமையாளர்) வாயால் சரி என்றார் என்பது கணக்காய்வுக்குப் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் புதியவர் லொறியைக் கேட்டிலேயே நிறுத்தலாம். அப்படி நின்ற நாட்களுக்கெல்லாம் கொந்தராத்துக்காரர் சபையிடம்தான் கால நீடிப்புக் கேட்பார்.

வேலையை எங்கள் சங்கத்துக்கே கொடுத்தால் என்ன? நாங்களே செய்துகொள்வோமே.

நல்ல யோசனைதான். எனக்கும் பிடித்த முறை. படிக்கட்டு, நடைபாதை, சின்னக் கான், தண்ணீர்த் தாங்கி போன்றவற்றைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமோ செய்தால், காசு ஊரிலேயே நிற்கும். தங்கள் வீட்டு வாசல் என்பதால் கலவையையும் கவனிப்பார்கள். சங்கத்துக்குப் பதிவும், வங்கிக் கணக்கும், ஒழுங்கான கூட்ட அறிக்கையும் இருக்க வேண்டும். எவ்வளவு தொகைவரை நேரடியாகக் கொடுக்கலாம் என்ற எல்லை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். அன்றைய எல்லையைச் சபையின் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு வியாதி இருக்கிறது. சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்து, பின்கதவால் வெளியூர்க் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பது. சங்கத்துக்கு ஒரு சின்னப் பங்கு, தலைவருக்கு இன்னொரு பங்கு. அப்போது உங்களுக்குக் கொந்தராத்துக்காரரும் இல்லை, சங்கமும் இல்லை. வேலை பிழைத்தால் பிடிக்க ஆளே இருக்காது. சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் உண்மையில் அந்த ஊர்க்காரர்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நாட்களையும் பாருங்கள். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் வேலைநாளில் ஆள் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஒரு மாதத்தில் முடியும் என்று எழுதிவிட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமையை எண்ணிக்கொண்டு நிற்க முடியாது.

சபையிடமே ஜே.சி.பி.யும் ரோலரும் இருக்கிறது. கொந்தராத்தே எதற்கு?

மண்சரிவைத் தள்ளுவது, கான் தோண்டுவது, கிரவல் ரோட்டைச் சமப்படுத்துவது எல்லாம் சபை ஆட்களே செய்யட்டும். அவசரத்துக்கு இதைவிட வேகமான வழியில்லை. அதற்கு மேலே போனால் கவனமாக இருங்கள். டீசலும் ஓவர்டைமும் வேறு வேறு தலைப்பில் ஓடுவதால் வேலையின் உண்மையான செலவு யாருக்கும் தெரியாது. இலவசமாகச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் சபைகளில் ரன்னிங் சார்ட்டை (வாகனம் ஓடிய கணக்கை) எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

பதுளை மாவட்டத்திலும் இங்கே நுவரெலியாவிலும் கட்டிட ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். சின்ன வேலைக்கும் வேண்டுமா?

மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டிடம் கட்டவோ நிலத்தை வெட்டவோ தேசிய கட்டிட ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் இதை வெறும் கடதாசி என்று சொல்ல மாட்டார்கள். கொந்தராத்து முறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அறிக்கை வந்தால் வரைபடம் மாறும். சாய்வைக் குறைக்கச் சொல்வார்கள், மேல்பக்கம் கான் வெட்டச் சொல்வார்கள். கொந்தராத்தைக் கொடுத்த பிறகு அறிக்கை வந்தால் அவை எல்லாம் மேலதிக வேலை. மேலதிக வேலைக்குப் போட்டி விலை கிடையாது. எனவே அறிக்கை முதலில், விலைமனு பிறகு.

30 இலட்சம் வேலையை மூன்று 10 இலட்சமாகப் பிரித்தால் டெண்டர் இல்லாமல் கூறுவிலையிலேயே முடிக்கலாமே?

கூடாது. கூறுவிலைக்கு உள்ள எல்லையைத் தாண்டாமல் இருப்பதற்காகப் பிரிப்பதைப் பெறுகை வழிகாட்டல்கள் (அரச கொள்வனவு விதிகள்) தடுக்கின்றன. ஒரே ரோடு, ஒரே மாதம், மூன்று கோப்பு என்றால் கணக்காய்வாளருக்குப் பார்த்தவுடனே தெரியும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி, நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடவும் வழி இருக்கிறது. உறுப்பினர் சொன்னார் என்று உத்தியோகத்தர் தப்ப முடியாது.

உண்மையான காரணம் இருந்தால் பிரிக்கலாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பாலர் பாடசாலை, பத்து மைல் தள்ளி ஒரு நூலகம் என்றால் இரண்டும் வேறு வேலை. காரணத்தைக் கோப்பில் எழுதிவையுங்கள். இன்னும் 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் புதிய வழிகாட்டல்கள்தான் நடைமுறையில் இருக்கின்றன.

ஆகக் குறைந்த விலை போட்டவருக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

தகுதியும் நிபந்தனையும் சரியாக உள்ளவர்களுக்குள் ஆகக் குறைந்தவருக்கு. முதலில் அவருடைய சிடா (நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை) பதிவைப் பாருங்கள். தரத்தில் எண் கூடக்கூட எடுக்கக்கூடிய வேலை சிறிதாகும். சி9 ஆளுக்குப் பெரிய கட்டிடம் கொடுக்க முடியாது. இரண்டாவது, வற் வரியை எல்லா விலையிலிருந்தும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 2024இலிருந்து அது 18 சதவீதம். வரிக்குப் பதிவானவர் அதைச் சேர்த்துப் போட்டிருப்பார், மற்றவருடைய விலையில் அது இருக்காது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும்.

மதிப்பீட்டைவிட மிகக் கீழே ஒரு விலை வந்தால், எப்படிக் கட்டுப்படியாகும் என்று விலைப் பகுப்பாய்வு கேளுங்கள். கேட்பதற்குச் சபைக்கு உரிமை உண்டு. மணல் எங்கிருந்து வருகிறது, ஒரு கியூப் என்ன விலை என்று சொல்லத் தெரியாதவர் வேலையைப் பாதியில் விட்டுப்போகிற ஆள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். ஆகக் குறைந்தவருக்குக் கொடுத்தோம். கடைசியில் பில் மற்றவர்களுடைய விலையையும் தாண்டிவிட்டது. எப்படி?

இது கொஞ்சம் சூட்சுமமான விடயம். மண்ணுக்குள் போகிற வேலைக்கு அளந்து கொடுக்கும் முறைதான் நல்லது என்று மேலே சொன்னேன். அந்த முறையின் ஓட்டை இதுதான். உதாரணமாக, கல் உடைத்துத் தோண்டுவது 5 கன மீற்றர் என்று நம் ஆள் அளவுப் பட்டியலில் (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு என்று வரிவரியாக எழுதும் பட்டியலில்) ஒப்புக்கு எழுதியிருக்கிறார். அனுபவமுள்ள கொந்தராத்துக்காரர் போய்ப் பார்க்கிறார், மலை முழுவதும் பாறை. அவர் பட்டியலில் அந்த வரிக்கு மட்டும் ஒரு கன மீற்றருக்கு 15,000 ரூபா போட்டு, மற்ற வரிகளில் விலையைக் குறைத்துவிடுகிறார். பட்டியலில் அது 75,000 ரூபாதான், மொத்தத்தில் அவர்தான் ஆகக் குறைவு. வேலையில் 60 கன மீற்றர் கல் வருகிறது. அந்த ஒரு வரி 9 இலட்சம் ஆகிவிடும்.

அவர் திருடவில்லை, நாம் அளக்காமல் எழுதியதைப் படித்தார், அவ்வளவுதான். மதிப்பீட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி தோண்டுங்கள். அரை நாள் வேலை. மதிப்பீட்டுக் குழுவும் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், வரிவரியாக நம் விலையோடு ஒப்பிட வேண்டும். ஒரு வரி மட்டும் வானத்தில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அளவு அளவுக்கு மீறிக் கூடினால் விலையைத் திரும்பப் பேசும் நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள்.

வரைபடமும் கட்டுமானமும் ஒருவரிடமே கொடுத்தால் தலைவலி குறையுமே?

சில வேலைக்குக் குறையும். எரிவாயுத் தகனசாலை, தண்ணீர் சுத்திகரிப்பு, இரும்புத் தொங்குபாலம் போன்றவற்றில் வடிவமைப்பு தெரிந்தவர்கள் சபையில் இருக்க மாட்டார்கள். இயந்திரத்தைத் தருபவரே வடிவமைக்கட்டும். ஆனால் நமக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் எழுத வேண்டும். "நல்ல தரத்தில் ஒரு தகனசாலை" என்று எழுதினால் அவருக்கு லாபமான ஒன்று வரும். மூன்று வருடம் பராமரிப்பு யார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் அந்த எழுத்தில் வர வேண்டும். பல்நோக்கு மண்டபத்துக்கும் ரோட்டுக்கும் இந்த முறை தேவையில்லை.

காசு வருவதே ஆவணியில். டிசம்பர் 31க்குள் முடிக்க வேண்டும். என்ன முறையில் கொடுத்தால் முடியும்?

எந்த முறையிலும் மழையை நிறுத்த முடியாது. ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. அது முடிந்ததும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. பதுளை, வெலிமடைப் பக்கம் டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ் மழை. மேற்குச் சரிவில் கொங்கிறீட்டுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச்வரை. அப்போது சபையிடம் காசு இருக்காது.

செய்யக்கூடியது இதுதான்: வரைபடம், ஆய்வு நிறுவன அறிக்கை, தோட்டச் சம்மதம், அளவுப் பட்டியல் எல்லாவற்றையும் காசு வருவதற்கு முன்னாலேயே முடித்து வையுங்கள். காசு வந்த வாரமே விலைமனு போகட்டும். நவம்பரில் நனைந்த மண்ணில் அவசரமாக ஊற்றிய ரோடு அடுத்த வருடமே வெடிக்கும். அதைவிட உள்வேலை, கூரைவேலை உள்ள திட்டங்களை அந்த மாதங்களுக்கு ஒதுக்குவது புத்தி.

விலை ஏறினால் கொந்தராத்துக்காரருக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நீண்ட வேலைகளுக்குச் சிடா வெளியிடும் மாதாந்தச் சுட்டெண்களை வைத்துக் கணக்குப் பார்க்கும் சூத்திரம் உண்டு. குறுகிய வேலைக்கு விலை நிலையானது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டபோது, நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் சாமானைப் போட்டுவிட்டு ஓடினார்கள். விலைமனு திறந்து மூன்று மாதம் கழித்துக் கையெழுத்துக்குக் கூப்பிடும் சபைக்கு இதைப் பற்றி முறைப்பட உரிமையில்லை.

பட்டியல் எல்லாம் இங்கிலீசில் இருக்கிறது. நமக்கு விளங்குவதில்லை, கேட்டாலும் தருவதில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. முழுப் பட்டியல் விளங்காவிட்டாலும் நான்கு விடயம் போதும்: நீளம், அகலம், தடிப்பு, கலவை. இந்த நான்கையும் தமிழில் பெரிய பலகையில் எழுதி வேலைத் தலத்தில் நடச் சொல்லுங்கள். லயத்துப் பிள்ளைகள் அடிமட்டத்தோடு வந்துவிடுவார்கள்.

பாதி வேலையில் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. யார் தலையில் விழும்?

கொந்தராத்துக்காரரிடம் கொடுத்திருந்தால், வேலையை ஒப்படைக்கும்வரை பொதுவாக அது அவர் பொறுப்பு. அதற்காகத்தான் காப்புறுதி எடுக்கச் சொல்கிறோம். பத்திரத்தின் பிரதி இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். காப்புறுதியின் திகதி முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். கால நீடிப்புக் கொடுக்கும்போது காப்புறுதியையும் நீடிக்க மறந்துவிடுவார்கள். செயலாற்றுகைப் பிணைக்கும் (வேலையை ஒழுங்காக முடிப்பதற்கு அவர் வைக்கும் பிணைக்கும்) இதே கதைதான்.

சங்கத்துக்குக் கொடுத்த வேலை என்றால் காப்புறுதி இருக்காது, பிடித்துவைத்த பணமும் சொற்பமாக இருக்கும். உண்மையில் சுமை சபைக்குத்தான். அதனால் சங்க வேலைகளில் கானை முதலில் வெட்டச் சொல்லுங்கள், ரோடு பிறகு வரட்டும். சபை ஆட்கள் செய்தால் கேள்வியே இல்லை, முழுவதும் சபையின் தலையில்தான். எந்த முறையானாலும், ஒவ்வொரு பில்லுக்கும் முன்னால் திகதி விழுகிற மாதிரி படம் எடுத்துக் கோப்பில் போடுங்கள். அடித்துக்கொண்டு போன பிறகு அங்கே எவ்வளவு இருந்தது என்று அளக்க எதுவும் மிஞ்சாது.